கராஜ் நிறைய அமானிதம்

ஃப்ரீமான்ட்டில் அமீருன்னிசாவின் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர்கள் சமையலறையில் நன்றாகத்தான் தலையாட்டினார்கள். மாடியில் மூன்று படுக்கையறைகளையும் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகத்தான் இறங்கினார்கள். கடைசியில் கராஜ் கதவைத் திறந்தார்கள். திறந்த கையோடு சாத்திவிட்டுக் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு கார் நிற்க வேண்டிய கராஜில் ஒரு சைக்கிளை நிறுத்தக்கூட இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். சுவரோரம் நிமிர்த்தி வைத்த மெத்தைகள், கால் கழற்றிய சாப்பாட்டு மேஜைகள், பெட்ஷீட் போர்த்திய பழைய டிவிகள், மூன்று கிரைண்டர்கள், குழந்தை உட்காரும் உயர நாற்காலி ஒன்று. எல்லாவற்றின் மேலும் அகல டேப் ஒட்டி, அமீருன்னிசாவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு பெயர். அதில் ஒன்றுகூட அவள் வீட்டார் பெயர் இல்லை.

எல்லாம் இரண்டாயிரத்தொன்றில் வந்து சேர்ந்தவை. கம்பெனிகள் வரிசையாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருஷம். நேற்று வரை வீடு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இன்று விமான டிக்கெட்டுக்கு அலைந்தார்கள். வேலை போனால் விசாவும் போச்சு. மூட்டை கட்டு என்றால் கட்ட வேண்டியதுதான். இரண்டு சூட்கேஸில் அடங்காத குடித்தனத்தை என்ன செய்வது? முதலில் வந்து நின்றவன் சாய்ராம். அமீருன்னிசாவின் கணவர் அன்வர் பாட்சாவின் ஆபீஸில் வேலை பார்த்தவன்.

"ஒரு ஆறு மாசந்தான்க்கா. எகானமி பிக்கப் ஆனதும் வந்துடுவோம். அதுவரைக்கும் உங்க கராஜ்ல வச்சுக்க முடியுமா?"

அமீருன்னிசாவுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒருவர் வைத்ததைப் பார்த்து இன்னொருவர் வைத்தார். 'அமீரக்கா கராஜ்' என்று ஊரில் பெயரே வந்துவிட்டது. அன்வர் பாட்சாவின் கார் வெளியே போயிற்று. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஜனவரி மழையில் குடை பிடித்துக்கொண்டு கார்க் கதவைத் திறக்கும்போது எவ்வளவு நல்ல மனிதருக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது.

"அமீரு, இது நம்ம வீடா, இல்ல துறைமுகமா?" என்று கேட்பார்.

"அமானிதங்க" என்பாள் அவள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அய்யம்பேட்டையில் அவள் பிறந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சுக் கிடையாது. அமானிதம் என்றால் ஒருவர் நம்பிக் கொடுத்த பொருள். கொடுத்தவர் வந்து கேட்கிறவரை அதைத் திறக்கக் கூடாது, எடுத்துப் புழங்கக் கூடாது. அவருக்கு அது ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்பது நம் கவலை இல்லை. ஒரு தடவை அவளுடைய சொந்தக் கிரைண்டர் ரிப்பேராகிப் போனது. கராஜில் மூன்று கிரைண்டர் சும்மா கிடக்க, அவள் ஒரு மாதம் மௌரி அவென்யூவில் இருக்கிற இந்தியக் கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றினாள். இதைச் சொல்லிச் சிரிக்காத சிநேகிதி இல்லை.

சிரித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த இரண்டாயிரத்தொன்றின் கடைசி மாதங்களில், நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு, தலையில் துணி போட்ட ஒரு பெண் ஃப்ரீமான்ட்டில் எப்படி நடமாடினாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் பக்கத்து வரிசைக்கு மாறினார்கள். அவள் வேலை பார்த்த டேகேரில் ஒரு தகப்பன், தன் பிள்ளையை வேறு டீச்சரிடம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தான். பிள்ளை அவள் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதது. அந்த வாரம்தான் சிவராமகிருஷ்ணனும் அவன் மனைவி மீனாக்ஷியும் ஒரு வேன் நிறையச் சாமானோடு வந்து இறங்கினார்கள்.

"உங்களைத் தவிர வேற யாரை நம்பி விட்டுட்டுப் போறது அக்கா?" என்றாள் மீனாக்ஷி.

சும்மா வாய்ப்பேச்சாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அமீருன்னிசா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தாள். மறுநாள் கடைக்குப் போனபோது முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

ஆறு வருஷம் போயிற்று. எகானமி பிக்கப் ஆனது. யாரும் வரவில்லை.

இப்போது இரண்டாயிரத்தேழு. அன்வர் பாட்சாவின் கம்பெனி டெக்ஸாஸுக்கு இடம் மாறியதில் அவரும் ஜனவரியிலேயே பிளேனோவுக்குப் போய்விட்டார். வீடு விற்றதும் அமீருன்னிசாவும் மகள் ஃபைஹாவும் பின்னால் போவதாக ஏற்பாடு. இரண்டு ஊரில் இரண்டு வீடு வைத்துக் கட்டுபடியாகாது. ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் அவருக்குச் சர்க்கரை இறங்கி, அபார்ட்மென்ட் சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்து, கதவைத் தட்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டு மேனேஜரைக் கூப்பிட்டதால் பிழைத்தார். அவர் கேட்க வராமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை அமீருன்னிசா வாய்விட்டுக் கேட்கவில்லை. பதினோரு வயது ஃபைஹா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறது.

வீட்டை விற்றே தீர வேண்டும். விற்றுத் தரும் பொறுப்பு ராஜலக்ஷ்மி என்கிற ராஜி ஆன்ட்டியுடையது. மயிலாப்பூர்க்காரர். ஐம்பது வயதுக்கு மேல் வீடு விற்றுக் கொடுக்கிற லைசென்ஸ் எடுத்து, ஃப்ரீமான்ட் தமிழர்களில் பாதிப் பேரை வீட்டுக்காரர்களாக்கியவர். கடனாளிகளாக்கியவர் என்றும் சொல்லலாம். அவர் சொன்னதையெல்லாம் அமீருன்னிசா தட்டாமல் செய்தாள். திரைச்சீலைகளைத் தோய்த்துத் தாளிப்பு வாசனையைப் போக்கினாள். சிங்குக்கு அடியில் பை நிறையப் பையாகச் சேர்ந்திருந்த பிளாஸ்டிக் பைகள் ஒழிந்தன. வாசலில் மலைபோல் கிடந்த செருப்புகள் பெட்டிக்குள் போயின.

"பாத்ரூம்ல அந்தப் பச்சைக் கப்பை எடுத்து உள்ள வச்சுடு. அது எதுக்குன்னு வர்றவாளுக்கெல்லாம் என்னால கிளாஸ் எடுக்க முடியாது" என்றார் ராஜி ஆன்ட்டி. பிறகு ஹாலில் நின்று, சுவரில் மாட்டியிருந்த அரபி எழுத்துச் சட்டத்தைப் பார்த்தார். "அமீர், தப்பா எடுத்துக்காதே. அந்த ஃப்ரேம்..."

அவர் முடிப்பதற்குள் அமீருன்னிசா ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினாள். சுத்தமான துண்டில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மனசு வலித்தது. அன்வர் பாட்சா தரையில் கிடந்ததை நினைத்துக்கொண்டாள், வலியைத் தள்ளி வைத்தாள்.

கராஜ் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. வாங்க நினைப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்க வீட்டைத் திறந்துவிடும் நாளுக்கு ஓப்பன் ஹவுஸ் என்று பெயர். முதல் ஓப்பன் ஹவுஸில் ராஜி ஆன்ட்டி அதைப் பூட்டிவிட்டார். பூட்டியது இன்னும் மோசமாகப் போயிற்று. உள்ளே ஏதோ இருக்கிறது, அஸ்திவாரம் வெடித்திருக்கிறது என்று வந்தவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். இரண்டாவது தடவை திறந்து வைத்தார். நடந்ததுதான் முதலில் சொன்னது.

"இத பாரு அமீர். மார்க்கெட் இறங்கிண்டே போறது. இன்னும் ஒரு ஓப்பன் ஹவுஸ், அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. அதுலயும் ஆகலைன்னா வாசல்ல நட்டிருக்கற ஃபார் ஸேல் போர்டைப் பிடுங்கிண்டு போயிடுவேன். அப்புறம் அடுத்த ஸ்பிரிங்ல பார்த்துக்கலாம்."

"அடுத்த ஸ்பிரிங்கா ஆன்ட்டி?"

"ஜங்க் எடுக்கறவா நம்பர் தரேன். ஒரு ட்ரக்கு, ரெண்டு ஆளு. அரை நாள்ல தரை தெரியும்."

"அது என்னோடது இல்ல ஆன்ட்டி. நான் எப்படித் தூக்கிப் போடுவேன்?"

"உன்னோடதா இருந்தாக்கூடப் போனாப் போறதுன்னு விட்டிருப்பேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ராஜி ஆன்ட்டி.

அமீருன்னிசா நம்பரை வாங்கிக்கொண்டாள். கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக அன்று மாலைத் தொழுகையை முடித்துவிட்டு, ஊருக்குப் பேசுவதற்கான காலிங் கார்டைச் சுரண்டி நம்பரைப் பார்த்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். அந்த நேரம் ஊரில் விடிந்திருக்கும். பொருளுக்கு உடையவர் ஒவ்வொருவரையும் பிடித்து, வந்து எடுக்கிறீர்களா, இல்லை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டு, பதிலை அவர்கள் வாயால் வாங்குவது. அதற்குப் பிறகுதான் ஒரு பெட்டியை அசைப்பது.

இதைவிடப் பைத்தியக்காரத்தனமான வேலை இருக்க முடியாது. பாதிப் பேர் நம்பர் மாறியிருந்தது. மீதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. கோயம்புத்தூரில் ஒருவர், "எந்த மெத்தைங்க?" என்று கேட்டார். சிங்கப்பூரில் ஒருவர், "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து அவர் மனைவி, "ஐயோ, என் குக்கர்!" என்று கத்தினாள். அமீருன்னிசா அந்தக் குக்கரைப் பார்சல் கட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்பியும் வைத்தாள். தபால் செலவுக்குப் புதுக் குக்கரே வாங்கியிருக்கலாம்.

"வச்சிருக்கீங்களாக்கா இன்னும்?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்கிறது இருக்கட்டும் தம்பி. யாருக்காவது கொடுத்துடுங்கன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும் எனக்கு."

சொன்னார்கள். சொன்னவர் பெயர் எழுதிய டேப்பை உரித்துவிட்டு, அந்தச் சாமானை மினிவேனில் ஏற்றி டொனேஷன் சென்டருக்குக் கொண்டுபோனாள். டேகேர் விட்டு வந்ததும் தினமும் இதே வேலை. இடுப்பு ஒடிந்தது. கராஜில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரை தெரிய ஆரம்பித்தது.

"மாம், திஸ் இஸ் ஸோ எம்பரஸிங். ஜஸ்ட் த்ரோ இட்!" என்றாள் ஃபைஹா.

"உன் பொம்மைய யாராவது தூக்கிப் போட்டா நீ சும்மா இருப்பியா?"

"ஐ'ம் லெவன்" என்றாள் ஃபைஹா. ஆனாலும் வந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.

கடைசி வாரத்தில் இரண்டே பெயர் மிஞ்சின. சாய்ராம், சிவராமகிருஷ்ணன். சிவராமகிருஷ்ணனின் திருச்சி நம்பர் உபயோகத்திலேயே இல்லை. ஈமெயில் போட்டால் போன வேகத்தில் திரும்பி வந்தது. சாய்ராமின் புது நம்பரை யார் யாரையோ கேட்டு வாங்கி, வியாழக்கிழமை சாயங்காலம் சென்னையில் அவனைப் பிடித்தாள்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? இன்னுமா அந்த டிவியை வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கக்கா. சத்தியமா சொல்றேன், எனக்கு வேண்டாம்."

"சரி தம்பி, நல்லாயிருங்க. சிவராமகிருஷ்ணன் நம்பர் உங்ககிட்ட இருக்கா? ஊர் நம்பர் எதுவும் கிடைக்கல."

"சிவாவா? அவன் அங்கதானே இருக்கான்! மில்பிடாஸ்ல. திரும்ப வந்து மூணு வருஷம் ஆச்சேக்கா. உங்களை வந்து பாக்கல?"

அமீருன்னிசா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "வந்திருப்பாங்க தம்பி. நான் ஊர்ல இல்லாதப்ப வந்திருப்பாங்க" என்றாள். சிவராமகிருஷ்ணனை விட்டுக்கொடுக்க அப்போதும் அவளுக்கு மனசு வரவில்லை. விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மில்பிடாஸ் என்ன, சீமையா? ஃப்ரீவேயில் நாலைந்து எக்ஸிட். கோடையில் இங்கே அடிக்கிற காற்றுத்தான் அங்கேயும் அடிக்கிறது. மூன்று வருஷம்! ஒவ்வொரு பெருநாளைக்கும் பிரியாணி செய்து தெருவெல்லாம் கொடுத்திருக்கிறாள். பூமி லேசாக ஆடினால்கூட முதலில் கராஜுக்கு ஓடி, மீனாக்ஷியின் கண்ணாடிச் சாமான் பெட்டி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். இத்தனைக்கும் அவர்கள் இங்கேயே இருந்திருக்கிறார்கள். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. அன்றைக்கு வரிசை மாறி நின்றவர்களைப் போல இவர்களும் மாறிவிட்டார்களோ?

அன்வர் பாட்சாவிடம் போனில் சொன்னாள்.

"விடு அமீரு" என்றார் அவர். "வேண்டாம்னுதானே வரல? அந்தச் சாமானை டொனேட் பண்ணிடு. ஞாயித்துக்கிழமை ஓப்பன் ஹவுஸை வச்சுக்கிட்டு இது ஒரு வேலையா?"

"வேண்டாம்னு அவர் வாயால சொல்லலைங்க."

"போன் பண்ணிக் கேளேன்."

"போன்ல கேட்டா தூக்கிப் போடுங்கன்னு சொல்லிடுவாங்க. ஒரு ட்ரக் எடுத்துட்டுப் போயி மொகத்தைப் பாத்துக் கொடுக்கணும். கொடுத்தா என் பாரம் எறங்கிடும். அப்புறம் வீடு போகுதா இல்லையாங்கறது அல்லாஹ் விட்ட வழி."

இருபது வருஷக் குடித்தனத்தில் அன்வர் பாட்சாவுக்குச் சில விஷயங்கள் தெரியும். "ட்ரக் ஓட்டறப்ப கண்ணாடியைப் பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் வாடகை ட்ரக் ஒன்றை எடுத்து வந்தாள். அதுவரை மினிவேனுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. அன்வர் பாட்சாவின் சிநேகிதர் அல்தாப் வந்து சாமானை ஏற்றிக் கொடுத்தார். மேஜை, நான்கு நாற்காலிகள், மெத்தை, கிரைண்டர், டிவி, ஐந்து பெட்டிகள். கராஜ் காலி. ராஜி ஆன்ட்டி கார்ப்பெட் கழுவும் ஆட்களை மேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அப்பாடா! தரைக்குக்கூட ஒரு கலர் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியறது" என்றார். ஃபைஹா பிரின்ட் எடுத்த டைரக்ஷனோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஃப்ரீவேயில் ஹாரன் அடித்த எவனையும் அமீருன்னிசா சட்டை செய்யவில்லை. வலது லேனைப் பிடித்தவள் பிடித்தபடியே மில்பிடாஸ் போய்ச் சேர்ந்தாள்.

அபார்ட்மென்ட் இரண்டாவது மாடியில் இருந்தது. மணி அடித்ததும் மீனாக்ஷிதான் கதவைத் திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அமீருன்னிசாவைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"மீனாக்ஷி, உங்க சாமான் வந்திருக்கு" என்றாள் அமீருன்னிசா.

உள்ளே புதுச் சாப்பாட்டு மேஜை பளபளத்தது. சுவரில் தட்டையாக ஒரு டிவி. சிவராமகிருஷ்ணன் அரைக்கால் சட்டையோடு வந்து, பார்த்து, அப்படியே நின்றான்.

"அக்கா... நாங்களே வரணும்னு..."

"முதல்ல எறக்குங்க தம்பி. அப்புறம் பேசலாம்."

அவள் குரலில் கடுமை இல்லை. ஆனால் மறுத்துப் பேசவும் இடமில்லை. சிவராமகிருஷ்ணன் இறங்கிப் போனான். மேஜையை அவன் ஒரு பக்கமும் அமீருன்னிசா ஒரு பக்கமும் பிடித்து மாடியேற்றினார்கள். மீனாக்ஷி பெட்டிகளைத் தூக்கினாள். ஒவ்வொன்றாக ஹாலில் சேர்ந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, பழைய மேஜையும் புது மேஜையும், பழைய டிவியும் புது டிவியும். நடக்க இடமில்லை.

"சரியா இருக்கான்னு பாத்துக்கங்க. பெட்டி எதையும் நான் தொறக்கல. பெட்ஷீட் மட்டும் நடுவுல மாத்தினேன், தூசி அடைஞ்சிருந்துச்சு."

சிவராமகிருஷ்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, ரெண்டாயிரத்து நாலுல நான் தனியாத்தான் வந்தேன். ஒரு ரூம்ல நாலு பேர். சாமானை எடுத்தா வைக்க இடமில்ல. இவ வந்தப்புறம் வீடு பாத்தோம். அந்த வாரம் ஏதோ ஸேல்னு போய் இந்த மேஜையை வாங்கிட்டோம். வாங்கிட்டு வந்து போட்டப்புறம்தான் உறைச்சுது. நீங்க பத்திரமா வச்சிருக்கற பொருளை, எனக்கு வேண்டாம்னு உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம்னு தள்ளிப் போட்டோம். ஒரு நாள் வந்தேன்க்கா. உங்க தெரு வரைக்கும் வந்தேன். கராஜ் தொறந்திருந்தது. எங்க மேஜைக்குத்தான் நீங்க பெட்ஷீட் மாத்திட்டிருந்தீங்க. எனக்கு வண்டியை நிறுத்தவே தைரியம் வரல."

மீனாக்ஷி அழுதுகொண்டிருந்தாள். "கறிவேப்பிலை வாங்கக்கூட ஸன்னிவேல் வரைக்கும் போவோம்க்கா. மௌரி அவென்யூக்கு வந்தா உங்களைப் பாத்துடுவோமோன்னு."

அமீருன்னிசாவுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இந்த மேஜைக்காகவா? மூன்று வருஷம் ஒளிந்து திரிந்தது, ஸன்னிவேலுக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கியது, எல்லாம் இதற்காகவா?

"வேண்டாம்னு சொன்னா ஒரு நிமிஷத்துல தீர்ற விஷயம் தம்பி" என்றாள். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள். "சாமானைப் பத்தி எனக்குக் கோபமில்ல. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அந்த வருஷம் ஊர் என்னை எப்படிப் பாத்துச்சு, உங்களுக்குத் தெரியும். அப்ப நீங்க ரெண்டு பேரும்தான் என்னை நம்பி வந்தீங்க. அப்புறம் நீங்களும் அவங்களை மாதிரி ஆயிட்டீங்களோன்னு நெனச்சுட்டேன்."

"ஐயோ, அக்கா!" என்று எழுந்துவிட்டான் சிவராமகிருஷ்ணன். அவன் கண்ணில் தெரிந்த அதிர்ச்சி நடிப்பில்லை. இந்தக் கணக்கு அவன் மனசில் ஒரு நாளும் ஓடியதே இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தன் வெட்கத்தை மறைப்பதிலேயே மூன்று வருஷம் போயிருந்தது. அது இன்னொருத்திக்கு என்னவாகப் படும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

மீனாக்ஷி காபி கலந்தாள். மூவரும் பெட்டிகளுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்து குடித்தார்கள். ஃபைஹா புது டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கி ட்ரக் கதவைத் திறந்த அமீருன்னிசா ஏறாமல் நின்றாள். சீட்டுக்கு அடியில் ஒரு துணிப் பை இருந்தது. ஓப்பன் ஹவுஸ் அன்று முன்பின் தெரியாதவர்கள் அறை அறையாகப் போய் அலமாரியெல்லாம் திறந்து பார்ப்பார்கள், நகை நட்டு எதையும் வீட்டில் வைக்காதே என்று ராஜி ஆன்ட்டி சொல்லியிருந்தார். கார்ப்பெட் ஆட்கள் வந்ததால் காலையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அல்தாப் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு மறுபடி மாடியேறினாள்.

"மாம், வேர் ஆர் யூ கோயிங்?" என்று ஃபைஹா கத்தினாள்.

கதவு இன்னும் சாத்தப்படவில்லை. அமீருன்னிசா பையை மீனாக்ஷியிடம் நீட்டினாள்.

"நாளைக்கு எங்க வீட்ல ஓப்பன் ஹவுஸ். நகையெல்லாம் வீட்ல வச்சிருக்கக் கூடாதாம். என்னோடதும் ஃபைஹாவோடதும் இதுல இருக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

"எங்ககிட்டயா?" என்று பின்வாங்கினான் சிவராமகிருஷ்ணன். "அக்கா, வேண்டாம். வேற யார்கிட்டயாவது..."

"கொடுக்கலாம். ஆளா இல்ல? உங்ககிட்டத்தான் கொடுக்கணும்னு இருக்கு எனக்கு."

மீனாக்ஷி புடவைத் தலைப்பு மாதிரி துப்பட்டாவை ஏந்தி அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது ராஜி ஆன்ட்டியின் சட்டம். அமீருன்னிசாவும் ஃபைஹாவும் லேக் எலிசபெத்தில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமீருன்னிசாவின் உதடு முழுநேரமும் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது. ஓப்பன் ஹவுஸ் முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்தபோது ராஜி ஆன்ட்டி வாசலில் செருப்பில்லாமல் நின்று கையை ஆட்டினார்.

"ஒரு சைனீஸ் கப்பிள் கராஜ்லயே இருபது நிமிஷம் நின்னா! அந்தப் பொண்ணு களிமண்ல பானை, ஜாடியெல்லாம் பண்றவளாம், சக்கரம் வைக்க இடம் அளந்து பார்த்தா. ஆஃபர் கையில இருக்கு. இன்னொரு ஆஃபர் ராத்திரிக்குள்ள வரும். நம்ம விலைக்குக் குறையாது. போன் போட்டு உங்காத்துக்காரருக்குச் சொல்லு!"

போனில் அன்வர் பாட்சா விலையைக்கூடக் கேட்கவில்லை. "எப்ப வர்றீங்க ரெண்டு பேரும்?" என்றுதான் கேட்டார். ஃபைஹா போனைப் பிடுங்கிக்கொண்டு, "அத்தா!" என்று ஆரம்பித்தவள் தமிழில் அழுதாள். அழுகைக்கு மட்டும் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை.

அப்போதுதான் ஒரு கார் வந்து வாசலில் நின்றது. சிவராமகிருஷ்ணனும் மீனாக்ஷியும் இறங்கினார்கள். மீனாக்ஷி துணிப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். இருவர் முகமும் வீங்கிக் கிடந்தது.

"திங்கக்கிழமை நானே வர்றேன்னு சொன்னேனே தம்பி?"

"முடியலக்கா" என்றான் சிவராமகிருஷ்ணன். "ராத்திரி பூரா மாத்தி மாத்திக் கதவைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். ஒரு பொட்டுத் தூக்கமில்ல. நீங்க எப்படிக்கா ஆறு வருஷம் தூங்குனீங்க?"

அமீருன்னிசா பையை வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை.

"நான் தூங்குனேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். "உள்ள வாங்க."